மூன்று சர்வர்களும் ஒரு வெள்ளிக்கிழமையும்

மாத்தளையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவரிடம் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்த காலம் அது. சண்டை வடக்கில் நடந்தாலும் ஆமிக்காரரின் சோதனை எங்கள் வீதியிலும் நடந்தது. அடையாள அட்டை இல்லாமல் தேத்தண்ணி குடிக்கக்கூட யாரும் வெளியே இறங்குவதில்லை. அட்டைக்குப் படம் எடுக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டிஜிட்டல் கமராவுக்கு மாறியபின் நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது. எடுத்த படங்களெல்லாம் மாடியறையில் இருந்த மூன்று சர்வர்களில்தான் இருந்தன.

அவை கொழும்பில் ஒரு கம்பனி கழித்துப் போட்டவை. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி, வெவ்வேறு இரண்டு சர்வர்களில் இருக்கும்படி அமைத்திருந்தேன். ஒன்று படுத்துவிட்டாலும் படம் போகாது. ஆனால் அவற்றின் இயங்குதளம் பழசாகி, புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்க்குகளை ஏற்க மறுத்தது. புதிய பதிப்புக்கு மாற்றியே ஆகவேண்டும். முறை எளிது. ஒன்றை நிறுத்தி மாற்றவேண்டும். அது எழுந்து, தன் டிஸ்க்குகளைச் சரிபார்த்து, மற்றவற்றோடு சேர்ந்த பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். எளிது என்றா சொன்னேன்? முந்தின நாள் இரவே படிகளையெல்லாம் தாளில் எழுதி, இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

முதலாளி பஞ்சாங்கம் பார்த்து வெள்ளிக்கிழமை காலை என்றார். கமராவுக்கே சந்தனப் பொட்டு வைக்கிற மனிதர் அவர். முதல் சர்வரில் சிடியிலிருந்து புதிய பதிப்பைப் போட்டேன். அது டிஸ்க்குகளைச் சரிபார்க்க ஆரம்பித்ததும் தேத்தண்ணிக்குக் கீழே போனேன்.

திரும்பி வந்தால் இரண்டாவது சர்வரின் முன்னால் முதலாளி நிற்கிறார். சிடி உள்ளே போயிருந்தது.

"என்ன முதலாளி செஞ்சீங்க?"

"ராகு காலம் வரப்போகுதே தம்பி. மூணும் தனித்தனி பெட்டிதானே? ஒவ்வொண்ணையும் நல்ல நேரத்துல தொடங்கிட்டா அப்புறம் எப்ப முடிஞ்சா என்ன? நீங்க அழுத்துனதப் பாத்துத்தான் நானும் அழுத்துனேன்."

நான் அழுத்தாத ஒன்றையும் அழுத்தியிருந்தார். டிஸ்க்கை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவும்படி உத்தரவு கொடுத்திருந்தார். அடுத்து மூன்றாவதை நோக்கிக் கையை நீட்டினார். "தொடாதீங்க!" என்று கத்தியே விட்டேன். சம்பளம் தருகிறவர் என்பதெல்லாம் அப்போது ஞாபகத்தில் இல்லை.

இரண்டாவதில் இருந்தவை போய்விட்டன. அவற்றில் பாதிக்கு மற்றப் பிரதி மூன்றாவதில் இருந்தது. மீதிக்கு இனி முதல் சர்வர்தான் கதி. அதுவோ இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் யட்டவத்தப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தவன். ஆமியும் பொலிஸும் நடத்திய சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அம்மா கொழும்புக்குப் போய்ப் பொலிஸ் நிலையங்களில் தேடியிருக்கிறார். படம் இல்லாமல் வந்தால் எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறார்கள்.

"அட்டைக்கு இங்கதாங்க படம் புடிச்சான். வீட்டுல வேற படம் ஒண்ணும் இல்ல. அட்டையும் அவன்கிட்டதான். இருக்குங்களா தம்பி?"

பெயரைக் கேட்டு மூன்றாவதில் தேடினேன். இல்லை. அப்படியானால் அவன் படத்தின் இரண்டு பிரதியும் முதல் இரண்டு சர்வர்களில்தான்.

"இருக்கும்மா. கொஞ்சம் நேரமாகும்."

சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. அவர் கீழே சுவரோரமிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்தார். மாடியில் சரிபார்ப்பு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பழைய டிஸ்க் ஒன்று டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று வேறு பயம். முதலாளி சாமி படத்தின் முன்னால் கற்பூரம் கொளுத்தினார். வந்த கோபத்துக்கு அதை ஊதி அணைத்திருப்பேன். அணைக்கவில்லை. நானும் கும்பிட்டேன்.

பின்னேரம், அந்த அம்மா கடைசி பஸ்ஸைப் பற்றிக் கேட்கத் தொடங்கியபோது, முதல் சர்வர் எழுந்தது. பையனின் பெயரைத் தட்டினேன். கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டையோடு, சிரிக்கக்கூடாது என்று யாரோ சொன்னதால் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு பையன் திரையில் வந்தான்.

நாலைந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார்.

"இன்னும் வேணும்னு வந்தா இருக்குங்களா?"

"இருக்கும்மா. ஒரு பெட்டி பழுதானாலும் மத்ததுல இருக்கும். எப்பவும் ரெண்டு எடத்துல வச்சிருப்போம்."

அவர் சேலைத் தலைப்பை இறுக்கி முடிந்துகொண்டார்.

"நீங்க ரெண்டு எடத்துல வச்சிருக்கீங்க. அங்க ஏறி எறங்குன எடத்துல எல்லாம், அப்புடி ஒருத்தன் எங்ககிட்ட இல்லைங்கிறாங்களே தம்பி."

முதலாளி அவரை பஸ் ஏற்றிவிடப் போனார். நான் மாடிக்கு ஏறி, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், அந்தப் பையனின் படத்தை மூன்றாவது சர்வரிலும் ஒரு பிரதி போட்டு வைத்தேன்.