சுவர் தட்டும் வேன்காரர்

துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட அந்தப் பள்ளி வேன் ஓட்டுநரின் விரல் சும்மா இருக்காது. உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் விட்டுச் சுவரை டொக் டொக் என்று தட்டுவார். "பூச்சு உள்ள பொக்கையா இருக்குங்க" என்று, அழுது ஓய்ந்த வீட்டுக்காரரிடமே சொல்லிவிடுவார். "மானம் போகுது, கையை மடியில வெச்சுக்கிட்டு இருங்களேன்" என்று மனைவி பல்லைக் கடிப்பார்.

இந்தப் பித்து பிடித்தது, கடன் வாங்கி ஒரு ஃபிளாட் வாங்கிய பிறகுதான். மகள் படிப்புக்கு ஆகுமே என்று அதை வாடகைக்கு விட்டுவிட்டு, இவர்கள் பழைய ஒற்றையறை வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறார்கள். குடிவந்தவர் மருந்துக் கம்பெனி விற்பனையாளர். பேச்சில் தேன் ஒழுகும். ஒப்பந்தம் எழுதிவிடலாம் என்று மனைவி சொன்னபோது வேன்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே அண்ணேன்னு உயிரை விடுறான். அவன்கிட்டப் போய் கையெழுத்துப் போடுன்னு கேக்கச் சொல்றியா?"

ஊரார் சுவரையெல்லாம் தட்டுகிறவர் சொந்த ஃபிளாட்டுக்கு மட்டும் போகவே மாட்டார். "குடும்பம் நடத்துற வீடு. ஓனர்னு சொல்லிக்கிட்டு சும்மா சும்மா போய் நின்னா நல்லாவா இருக்கும்?" வாடகை ஒழுங்காக வந்தது. குழாய் ஒழுகுகிறது என்றுகூட அந்த ஆள் ஒருநாளும் போன் செய்ததில்லை. அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார், பாவி மனுஷன்.

போன வாரம் ஃபிளாட்டுக்குக் கீழ்வீட்டு அம்மாள் போனில் கூப்பிட்டார். "தம்பி, எங்க சீலிங்கெல்லாம் விரிசல் விடுது. மேல என்னதான் பண்றீங்க?" பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு வேன்காரர் அலறியடித்துக்கொண்டு ஓடினார்.

கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஒரு பெண். "கட்டில் பார்க்க வந்தீங்களா? ஒண்ணுதான் காலி. ஓனர் சாயங்காலம்தான் வருவாரு."

"நான்தாம்மா ஓனர்."

அவள் சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கே! ஓனர் மருந்துக் கம்பெனியில இருக்காரு. மாசாமாசம் அவர்கிட்டதானே வாடகை குடுக்கிறோம்?"

வேன்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். படுக்கையறை எங்கே? கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் நின்ற சுவரே இல்லை! அடியோடு இடித்துத் தள்ளிவிட்டு, துணித் திரை கட்டி, பொந்து பொந்தாகக் கட்டில் போட்டிருந்தார்கள். சுவர் தாங்கிக்கொண்டிருந்த இடத்தில், மேலே விரல் நுழையும் அளவுக்கு விரிசல். "அடப்பாவி... அடப்பாவி..." என்று புலம்பிக்கொண்டே விற்பனையாளரைப் போனில் அழைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வேனில் வரும் பிள்ளை ஒன்றின் அப்பா வக்கீல். அவரைக் கூப்பிட்டார்.

"எழுத்துல ஒண்ணுமே இல்லையா? என்னங்க நீங்க! இடிச்சது அவன்தான்னு எப்படிக் காட்டுவீங்க? இடிஞ்சு விழுந்தா முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க. ஆத்திரத்துல யாரையும் வெளிய தள்ளிடாதீங்க, பூட்டைக் கீட்டைப் போட்டுடாதீங்க. அப்புறம் கேஸ் உங்க மேலதான் திரும்பும். எஞ்சினீயர் வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் அங்க ஒரு சாமானைத் தொடக்கூடாது, புரியுதா?"

"தொடல சார்" என்றபடி வேன்காரர் விரிசலுக்கு அடியில் இருந்த திரையை விலக்கினார். கட்டிலில் ஒரு கைக்குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அதன் போர்வையில் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்து கிடந்தது.

வக்கீல் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். போனைத் தரையில் வைத்துவிட்டு, வேன்காரர் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக் குழந்தையோடு வாசல் பக்கமாக இழுத்தார்.