தயாளன் வண்டியின் கேரியர்

பெரியபாளையத்திலிருந்து புதுவாயல் போகிற ரோட்டில் நான் நடந்துகொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும், சித்திரை வெயில், தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. இந்த மாதிரி விஷயம் சொல்கிறவர்கள் எல்லாம் ராத்திரி, மழை, கரண்ட் இல்லை என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. பட்டப்பகல். நான் குடிக்கவும் இல்லை. பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் பீடி பற்ற வைக்கிற ஆள் நான். பதினாறு வயதிலிருந்து பஸ் ஸ்டாண்டு, லாரி மேல், மூடிக் கிடந்த ஷெட், ஒருமுறை ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் பின்னால்கூடப் படுத்துத் தூங்கியிருக்கிறேன், எதுவும் வந்து என்னை எழுப்பியதில்லை. அதனால் நீங்கள் நம்பவில்லை என்றாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

எதை விட்டு நடந்துகொண்டிருந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தயாளனின் பதினாறாம் நாள் காரியத்தை விட்டு.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் எங்களுக்கு வேலை. அவன் லேத், நான் வெல்டிங். அவனுக்கு லடாக் பைத்தியம். இரண்டு வருஷமாக அந்தப் பேச்சுத்தான். ஒன்பதாவது பாதியில் நின்ற எனக்கு வடக்கு என்றால் கூடூர் வரைதான் தெரியும். அவன்தான் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் ரோத்தாங், பாரலாச்சா, தங்லாங் லா, கர்துங் லா என்று கணவாய்களை வரிசையாக எழுதி, எந்த நாள் எங்கே தூங்குவது, எங்கே மூச்சு வாங்கும், எங்கே பெட்ரோல் பங்க் கிடையாது என்று குறித்து வைத்தான். ஜூன் மாதம் பனி உருகிப் பாதை திறந்ததும் கிளம்புவது. முன்னால் அவன் பழைய 350 சிசி பைக், பின்னால் என் வண்டி. முன்னால் போகிறவன் வலது காலை நீட்டினால் வலப்பக்கம் ஆபத்து, இடதில் ஒதுங்கு என்று அர்த்தம். இதைத் திருவள்ளூர் பைபாஸில் ஓட்டி ஓட்டிப் பழகினோம்.

குளிர் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றான். நம் ஊரில் குளிருக்கு எங்கே போவது? பழவேற்காட்டில் மீனுக்கு ஐஸ் போடுகிற ஒரு பாயிடம் போய்க் கேட்டான், உங்கள் ஐஸ் அறையில் ஒரு மணி நேரம் உட்காரலாமா என்று.

"யா அல்லா, மீனு வெக்கிற எடத்துல மனுசன வெக்க சொல்றியேப்பா. உள்ள நீ வெறச்சி போய்ட்டீன்னா உன்ன இன்னா வெலைக்கு விக்கிறது நான்?" என்றார் பாய். ஆனாலும் விட்டார். ஜெர்க்கினைக் கழுத்து வரை இழுத்து மாட்டிக்கொண்டு ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நாற்பது நிமிஷம் உட்கார்ந்தோம். அமோனியா வாசனை மூக்கைப் பிடுங்கியது. தயாளனுக்கு உதடு நீலமாகிவிட்டது, பல் அடித்துக்கொண்டே கேட்டான், "மச்சான், கர்துங் லா வந்துட்டமாடா?"

அவ்வளவு தூரம் பார்த்துப் பார்த்துச் செய்தவன் கேரியரை மட்டும் என்னிடம் விட்டான்.

நடுவில் ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் பங்க் கிடையாதாம். அதனால் பக்கத்துக்கு ஒரு பெட்ரோல் கேன் மாட்டுகிற மாதிரி இரும்பு கேரியர் வேண்டும். ஒரு சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்ததும், முதலாளியிடம் கேட்டுத் துண்டு ஆங்கிள் இரும்பு எடுத்து வெட்டி மூட்டினேன். வெல்டிங்கில் முதலில் நாலு மூலையிலும் சின்னச் சின்னதாக ஒட்டி நிறுத்துவோம், அதற்கு டாக் என்று பெயர். கோணம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகுதான் மூட்டு முழுவதும் வெல்டிங் ஓட்ட வேண்டும். டாக் வைத்து முடித்தேன், கரண்ட் போய்விட்டது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அதற்குள் தயாளனின் மனைவி வனிதா தட்டில் எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் எடுத்துக்கொண்டு பூஜை போட வந்துவிட்டாள். ஆறு மணிக்குள் நல்ல நேரம் முடிகிறதாம். அரைகுறையாகக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. டாக் மேலேயே கறுப்பு பெயிண்ட் அடித்து வண்டியில் மாட்டிவிட்டேன்.

"முழுசா ஓட்டிட்டியா மச்சான்?" என்று தயாளன் கேட்டான்.

"ஓட்டிட்டன்டா."

பொறாமை, பகை என்று ஏதாவது காரணம் இருந்தால்கூடச் சொல்லிவிடலாம். ஒன்றும் கிடையாது. வெயில், அலுப்பு. திங்கட்கிழமை கழற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அவன் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இரண்டு கேனிலும் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, பாரத்தோடு மலையில் ஓட்டிப் பழக ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திரா பக்கம் போயிருக்கிறான். இறக்கத்தில் ஒரு வளைவில் விழுந்தான். அங்கேயே போய்விட்டான். அந்த நேரம் பார்த்து வனிதா போன் செய்திருந்தாள், போன் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தது, அதனால் எல்லோரும் போனால்தான் விழுந்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வண்டியை மினி லாரியில் ஏற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் இறக்கப் போனவன் நான். கேரியர் வலப்பக்கம் நாலு டாக்கும் விட்டு, பின் சக்கரத்துக்குள் மடங்கிக் கிடந்தது. ஏற்றுவதற்கு முன்பே அதைக் கழற்றி, பட்டறை ஸ்கிராப் குவியலில் அடியில் தள்ளினேன். மறுநாள் ஸ்கிராப் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

பதினாறாம் நாள் போயிருந்தேன். வனிதா கூடத்து மூலையில் உட்கார்ந்து, வருகிற எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் என்னிடமும் சொன்னாள்.

"வரசொல்ல கொத்தமல்லி வாங்கிக்கினு வான்னு சொல்லத்தாண்ணா போன் அடிச்சன். கொத்தமல்லி இல்லன்னா எனக்கு சோறு எறங்காதா? நானே கொன்னுட்டேண்ணா அவர."

நான் வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து அவள் தம்பி, "இல போடலாம், வாங்க வாங்க" என்று கூப்பிட்டான். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து, இலைப்பக்கம் போகாமல் வாசல் பக்கம் போய், பஸ் ஏறி, பெரியபாளையத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். கும்மிடிப்பூண்டியில் வெல்டருக்கு வேலை இருப்பதாக ஒருவன் சொல்லியிருந்தான். என் வண்டியை தயாளன் போன பிறகு நான் எடுக்கவில்லை, காக்களூரிலேயே நிற்கிறது.

ரோட்டின் வலது ஓரமாக நடந்தேன். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன், சைலன்சரில் ஒரு ஓட்டை, நாலு அடிக்கு ஒருமுறை டப்பென்று ஒரு இருமல் இருமும். ஆனால் அந்த வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நசுங்கி நிற்கிறது, நான்தான் இறக்கினேன்.

வண்டி என்னைத் தாண்டிப் போனது. நடக்கிற வேகம்தான். அந்த வெயிலில் ஓட்டுகிறவன் ஜெர்க்கினைக் கழுத்து வரை ஜிப் போட்டிருந்தான். ஹெல்மெட், முகம் தெரியவில்லை. தாண்டியதும் என் மேல் ஒரு குளிர் அடித்தது பாருங்கள், நம்புகிறீர்களோ இல்லையோ, கைமயிர் நட்டுக்கொண்டது. கூடவே அமோனியா வாசனை. இரண்டு பக்கமும் நெல் வயல், அங்கே அமோனியா எங்கிருந்து வரும்?

பின்னால் கேரியர். இரண்டு கேன். என் ஆங்கிள்தான், என் அளவுதான். ஆனால் மூட்டில் பெயிண்ட் இல்லை. முழுசாக வெல்டிங் ஓட்டி, கசடு தட்டி, பளபளவென்று இருந்தது. வெல்டிங் ஓட்டுவதும் கையெழுத்து மாதிரிதான், ஆளுக்கு ஆள் மாறும். ஒருமுறை கட்டைவிரல் நசுங்கியதிலிருந்து இரும்பு உருகி விழுகிற வளையங்களில் ஆறேழுக்கு ஒருமுறை என் கை இடப்பக்கம் கொஞ்சம் சாயும். அந்த மூட்டிலும் அதே சாய்வு இருந்தது. அது என் கை. நான் ஓட்டாத வெல்டிங்.

வளைவு வந்தது. வண்டியில் இருந்தவன் வலது காலை நீட்டினான்.

நான் யோசிக்கவே இல்லை, பழகின உடம்பு, ரோட்டைத் தாண்டி இடப்பக்கம் ஓடிவிட்டேன். அதே நொடியில் வளைவிலிருந்து கம்பி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. கம்பியின் வால் லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது, லாரி வளைவில் திரும்பியதும் அது வீசி, நான் நடந்துகொண்டிருந்த ஓரத்தில் இருந்த கருவேல மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போனது. சரியாகக் கழுத்து உயரம்.

வளைவைத் தாண்டி ஓடினேன். ரோடு நேராகக் கிடந்தது. வண்டி இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒருவர் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்.

"ஒரு வண்டி போச்சே, ரெண்டு கேனு மாட்டிக்கினு?"

"காத்தாலேர்ந்து இங்கதான் குந்திகினு கீறன் நைனா. கம்பி லாரி ஒன்னு போச்சு, அத்தோட சரி. வெயிலு மண்டைல ஏறிகிச்சா இன்னா உனக்கு? மொதல்ல இத்த துன்னு." நுங்கை என் கையில் வைத்தவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "இன்னாபா, கை இம்மாஞ் சில்லுன்னு கீது?"

என்னைக் காப்பாற்றினான் என்று கேட்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செத்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். வனிதாவுக்கு உண்மை கடைசிவரை தெரிந்திருக்காது.

அன்று புதுவாயல் பஸ் நிழற்குடையில் படுத்தேன். காலையில் கும்மிடிப்பூண்டிக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று வனிதாவின் தம்பி நம்பருக்குப் போன் செய்தேன். அவள் தன் போனைத் தொடுவதில்லை. தம்பி அவளிடம் கொடுத்தான்.

"துன்னாம கூட பூட்டீங்களேண்ணா. எங்க கீறீங்க?"

"வனிதா, அவன் உன் போனால உழுல. கேரியரு உட்டுப்போச்சி. நான் முழுசா ஓட்டல. ஓட்டிட்டன்னு பொய் சொன்னன்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொன்று அடித்தது.

"குங்குமம் வெக்கசொல்ல கையில கறுப்பா ஒட்டிச்சு. இன்னும் காயலயாண்ணான்னு கேட்டன். அதெல்லாம் முடிஞ்சிச்சும்மா, நல்லா வெய்யின்னு சொன்னீங்க."

"ஆமா."

"சிரிச்சிகினே சொன்னீங்க" என்றாள். போன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. கொத்தமல்லிப் பேச்சை மட்டும் விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உள்ளே போனேன். சூப்பர்வைசர் என் பெயர்கூடக் கேட்கவில்லை. ஒரு பிராக்கெட்டை எடுத்து மேஜை மேல் போட்டார். நாலு மூலையிலும் யாரோ டாக் வைத்திருந்தார்கள்.

"இத்த முழுசா ஓட்டு, பாக்கலாம்."

ஓட்டினேன். ஒரு இடம் விடாமல் ஓட்டினேன். கசடு தட்டியதும், என் சாய்வு அதில் தெரிந்தது. ஓட்டின உடனே இரும்பைத் தொடக்கூடாது என்று எந்த வெல்டருக்கும் தெரியும், ஆனாலும் என் கை தானாகப் போனது. கிழிந்த கிளவுஸ் வழியாக விரல் பட்டது. சில்லென்று இருந்தது. பாயின் ஐஸ் அறையில் சுவரில் சாய்ந்தபோது முதுகில் பட்டதே, அந்தக் குளிர்.

"ஆறிப்போச்சா அதுக்குள்ள?" என்று சூப்பர்வைசரும் தொட்டார். ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கையை உதறி, விரலை வாயில் வைத்துக்கொண்டார். விரல் நுனி வெந்து வெள்ளையாகிவிட்டது.

இன்றைக்கும் காலையில் நான் ஓட்டுகிற முதல் மூட்டு எனக்கு மட்டும் அப்படித்தான் இருக்கிறது. அன்று நான் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.

"வேல நல்லாத்தான் கீது" என்றார் அவர், விரலை ஊதிக்கொண்டே. "குந்து. அடுத்தத எடு."

எடுத்தேன்.