மூடிக்கு அடியில் ஒரு சிவப்பு விளக்கு

ரோஹிணிக்கு ஆபீஸில் ‘எப்படி மேடம்’ என்று ஒரு பட்டப்பெயர். வைத்தவர் இன்ஜினியர் ஸ்ரீஹரி. ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனி. பவர்லூம் தறிகளின் மோட்டாரை ஓட்டுகிற கரெண்ட் பெட்டிகள் அங்கே தயாராகின்றன. பெட்டியை உருவாக்குவது ஸ்ரீஹரி. பெட்டியோடு போகிற புத்தகத்தை, வாங்குகிறவனுக்குப் புரிகிற மாதிரி திருத்துகிற எடிட்டர் ரோஹிணி. அவர் இங்கிலீஷில் எழுதித் தள்ளுவார். இவள் அதைத் தட்டிக்கொட்டித் தெலுங்கிலும் தமிழிலும் நிற்க வைக்க வேண்டும். புத்தூரில் காலை ரயில் ஏறினால் மடியில் தாள் விரிந்துவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் அவளுக்குப் பெரிதாகத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டாள். ‘சூடு அதிகமானால் நிறுத்தவும்’ என்று இருந்தால், ஓரத்தில் பென்சிலால் ‘எப்படித் தெரியும்?’ என்று எழுதுவாள். கையை வைத்துப் பார்ப்பதா, மோந்து பார்ப்பதா? ஸ்ரீஹரி தலையில் கை வைத்துக்கொள்வார். “அம்மா தல்லி, தாயே, இதையும் எழுதணுமா?” என்பார். கடைசியில் எழுதித் தருவார். நல்ல மனுஷன்தான், கொஞ்சம் அவசரக்காரர்.

புதுப் பெட்டியில் ஒரு வில்லங்கம் இருந்தது. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் கரெண்ட் தேங்கி நிற்கும். தெரியாமல் கை வைத்தால் ஆளையே தூக்கி எறிந்துவிடும். ஸ்ரீஹரி இதை முக்கால் பக்கம் எழுதிப் புத்தகத்தின் வாலில் போட்டிருந்தார். ரோஹிணி அதை இழுத்துக்கொண்டு வந்து, மூடியைத் திறக்கச் சொல்கிற இடத்துக்கு முன்னால் வைத்தாள். வழக்கம்போல் கேட்டாள்.

“உள்ள கரெண்ட் போயிருச்சுன்னு எப்படி சார் தெரியும்?”

“சிவப்பு விளக்கு இருக்குது மேடம். அது அணைஞ்சா போயிருச்சுன்னு அர்த்தம்.”

முக்கால் பக்கம் ஒரே வரியானது: ‘சிவப்பு விளக்கு அணைந்த பிறகே மூடியைத் திறக்கவும்.’ பச்சைக் குழந்தைக்கும் புரியும். அன்று ரயிலில் அந்த வரியை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித் தன்னையே மெச்சிக்கொண்டாள். மெச்சிக்கொள்ளட்டுமே, எடிட்டரை வேறு யார் மெச்சப் போகிறார்கள்? நன்றாக வந்தால் இன்ஜினியர் எழுதியது, தப்பாக வந்தால் எடிட்டர் பார்க்காமல் விட்டது.

ஆயுத பூஜைக்கு நகரியில் பிறந்த வீட்டுக்குப் போனாள். தம்பி சந்துருவுக்கு அங்கே தறிக்கொட்டகை. அக்கா கம்பெனிப் பெட்டி என்று எல்லாத் தறிக்கும் மாட்டியிருந்தான். சாமி படத்துக்கு முன்னால் ஸ்பானர், கத்திரிக்கோலோடு அவள் புத்தகமும் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. மேலே சந்தனம், குங்குமம்.

“அடப்பாவி! இத நீ படிக்கவே இல்லியா?”

“நீ எழுதின புக்காச்சேக்கா! எண்ணெய்க் கையால தொடுவனா? இன்னிக்கு எடுக்காத. சரஸ்வதிக்கு வெச்சது, நாளைக்குத்தான் எடுக்கணும்.”

இவனை என்ன செய்வது! ரோஹிணி கொட்டகைக்குள் போனாள். முந்தின நாளே நிறுத்திய தறிகளைச் சந்துரு துடைத்து முடித்திருந்தான். ஒரு சேலை பாக்கி இருந்ததால் கடைசித் தறி மட்டும் அன்று காலையிலும் ஓடியது. பெட்டிக்குள் பஞ்சுத் தூசி அடைந்துகொள்ளும். மூடியைக் கழற்றி ஊதிவிட வேண்டும். சுவிட்சை அணைத்த கையோடு ஸ்குரூடிரைவரை எடுத்தான்.

“இருடா! சிவப்பு விளக்கு அணைஞ்சப்புறம்தான் தொறக்கணும்.”

சந்துரு பெட்டியை மேலும் கீழும் பார்த்தான். முகப்பில் இருந்ததே ஒரு பச்சை விளக்குதான். அதுவும் சுவிட்சோடு அணைந்திருந்தது.

“சிவப்பு எதுவும் எரியலியேக்கா. அப்போ தொறக்கலாம்” என்று முதல் ஸ்குரூவைச் சுற்றினான்.

ரோஹிணி பாய்ந்து வந்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளிவிட்டு, ஸ்ரீஹரிக்குப் போன் போட்டாள்.

“பண்டிகை நாள்லயும் எப்படியா மேடம்?”

“எப்படி இல்ல சார், எங்க? அந்தச் சிவப்பு விளக்கு எங்க இருக்குது?”

“போர்டு மேல. மூடிக்குள்ள...” பேச்சு அப்படியே நின்றது. “அய்யய்யோ” என்றார் ஸ்ரீஹரி.

ஆபீஸில் அவர்கள் பார்த்த வரைபடத்தில் மூடியே கிடையாது. அதனால் எல்லார் கண்ணுக்கும் விளக்கு பளிச்சென்று தெரிந்தது. இங்கேயோ மூடியைத் திறந்தால்தான் விளக்கு தெரியும். விளக்கு அணைந்தால்தான் மூடியைத் திறக்கலாம். குழந்தைக்கும் புரிகிற அந்த வரியைக் கேட்ட பிறகுதான் தம்பி தைரியமாக ஸ்குரூவைச் சுற்றினான். அதை நினைத்ததும் ரோஹிணி தறி ஓரம் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

“இன்னாக்கா இது, நல்ல நாளும் அதுவுமா? நான் நல்லாத்தானே இருக்கேன்” என்று சந்துரு டீ வாங்கி வந்தான். குடித்து, ஆசுவாசப்பட்டு, அப்புறம் திறந்தார்கள். உள்ளே கடுகளவு விளக்கு, அணைந்து கிடந்தது.

ஆபீஸ் திறந்ததும் ஸ்ரீஹரியே வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இனி செய்கிற மூடிகளில் விளக்குக்கு நேராகக் கண்ணாடி வைப்பது என்று முடிவானது. விற்றுப்போன பெட்டிகளுக்கெல்லாம் ஆளனுப்பி ஸ்டிக்கர் ஒட்டுவது. அதில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை. ‘பத்து நிமிடம் காத்திருக்கவும்’ என்றார் அவர்.

“பத்து நிமிஷத்தை எவன் சார் பாத்துக்கினு நிப்பான்? டீ குடிச்சுட்டு வரச் சொல்லுங்க.”

“சேஃப்டி ஸ்டாண்டர்டுல டீ லேது மேடம்!” என்று மறுத்தார் அவர்.

பாதிக்குப் பாதி ராஜியானார்கள். பத்து நிமிடம் என்று எழுத்து, பக்கத்தில் ஆவி பறக்கிற டீ கிளாஸ் படம். புத்தகத்தில் இருந்த அழகான வரியை ரோஹிணியே அடித்தாள். அன்றிலிருந்து அவள் பென்சில் ‘எப்படி?’யோடு ‘எங்கே?’ என்றும் கேட்கிறது. மூடி போட்ட நிஜப் பெட்டி ஒன்று அவள் மேஜையிலேயே இருக்கிறது.

அடுத்த ஆயுத பூஜைக்குப் போனபோது புதுப் புத்தகமும் சாமிகிட்டேதான் இருந்தது. உறை பிரியவில்லை, சந்தனம் குங்குமம் உண்டு. ரோஹிணி அதைத் தொடாமல் கொட்டகைக்குள் போனாள். கொட்டகையில் பெட்டிக்குப் பெட்டி பொட்டு வைத்திருந்தான் சந்துரு, ஸ்டிக்கரை மட்டும் விட்டு. கடைசிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். ஸ்குரூடிரைவரைத் தொடாமல் வெளியே போய் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தான். ஒன்றை அவளிடம் நீட்டிவிட்டு, தன் டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

“பாத்தியாக்கா,” என்றான், “உன் புக்கத்தான் படிச்சுக்கினு இருக்கேன்.”