ஏறிப் பார்த்த வண்டிகள்

என் கணவருக்குப் பறவை பார்க்கிற பைத்தியம். மாங்காட்டில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த பிறகும் சனி ஞாயிறுகளில் நாங்கள் வீட்டில் தங்கியது குறைவு. பைக்கின் பின்னால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு பழவேற்காடு, நாகலாபுரம், ஜவ்வாது மலை என்று கிளம்பிவிடுவோம். எனக்குப் பறவைகளில் பெரிய ஆர்வம் கிடையாது. விடிகாலையில் கூடாரத்துக்கு வெளியே அவர் போட்டுத்தரும் கறுப்புக் காப்பிக்காகப் போனேன் என்று சொல்லலாம்.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தார். மற்றது எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்து சட்டைப் பொத்தான் போட வராமல் போனது. எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பின், தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும் நோய் என்றும், நிறுத்த மருந்தில்லை என்றும் டாக்டர் சொன்னார். வெளியே வந்து ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்தோம். டீ ஆறி ஆடை கட்டியது. அவர் முதலில் பேசியது வண்டியைப் பற்றித்தான்.

"பழைய வேன் ஒண்ணு பாக்கலாம். பின்சீட்டைக் கழட்டிட்டு மெத்தை போட்டுக்கலாம். இனிமே தரையில படுத்து எந்திரிக்க என்னால முடியாது."

"இப்ப அதுவா முக்கியம்?"

"இப்ப விட்டா வேற எப்ப?"

நான் எழுந்துபோய் டீக்குக் காசு கொடுத்தேன்.

முதலில் சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையோரம் பழைய வண்டி விற்கும் இடத்துக்கு ஆட்டோவில் போனோம். வெயிலில் வரிசையாக வண்டிகள் கொதித்துக்கொண்டு நின்றன. புரோக்கர் நல்ல உயரமான ஒரு வேனைக் காட்டி, கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறிப் பாருங்க சார். உள்ள ஊடு மாதிரி கீது."

என் கணவர் காலைத் தூக்கினார். படி வரைக்கும் போகவில்லை. கையால் பேண்ட்டைப் பிடித்துக் காலை இழுத்து வைத்தார். உடம்பு மேலே வரவில்லை. டயரைக் குனிந்து பார்ப்பதுபோலக் கொஞ்சநேரம் அப்படியே நின்றார்.

"இன்னா சார், கால்ல அடியா?"

"சுளுக்கு."

"சுளுக்குன்னா ரெண்டு நாள்ல சரியாப் பூடும் சார். வண்டி எங்கியும் போவாது. அப்பால வா சார், ஓட்டியே பாக்கலாம்."

திரும்பும்போது ஆட்டோவில் அவர் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். குமணன்சாவடி தாண்டியதும், "ஓட்டப்போறது நீதான். உனக்குக் கால் எட்டுற வண்டியாவும் இருக்கணும்" என்றார்.

கல்லூரி நாளில் லைசென்ஸ் எடுத்ததோடு சரி, நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அம்பத்தூர் எஸ்டேட் சாலைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். டிரைவிங் ஸ்கூல் காரில் அங்கே சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினேன். அவர் பின்சீட்டில் உட்கார்ந்து வருவார். பழகி முடிப்பதற்குள் அவருக்குக் கைத்தடி வந்துவிட்டது.

ஆவடியில் ஒரு வேன், திருநின்றவூரில் ஒன்று, பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒன்று. விற்பவர்கள் என்ஜினைப் பற்றிச் சொல்வார்கள், மைலேஜ் சொல்வார்கள். எங்கள் கண் படியிலேயே இருக்கும். பூந்தமல்லி வேனில் ஏறிவிட்டார், இறங்கும்போது என்மேல் விழுந்தார். இருவரும் மண்ணில் உட்கார்ந்தோம். விற்க வந்தவர் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

கடைசியாக வேப்பம்பட்டு. நிலத்தை வீட்டுமனை போட விற்றுவிட்டு, ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டியவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசவில்லை. வண்டி பழசு, பக்கவாட்டில் மஞ்சள் வெளுத்திருந்தது. ஆனால் தரை தாழ்வாக இருந்தது. தள்ளுகதவுக்கு உள்பக்கம், இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. என் கணவர் அதைப் பிடித்தார், ஒரே இழுப்பில் உள்ளே போய்விட்டார்.

"இந்தக் கம்பி வண்டியோட வந்ததா?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா வச்சேன். ஊட்டுக்காரிக்கு ரெண்டு காலும் வராம பூட்ச்சு. ஆஸ்பத்திரிக்கு இதுலதான் இட்டுகினு போவேன்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இல்லம்மா. தையில பூட்டா."

என் கண் அந்தக் கம்பியிலேயே நின்றது. அவரே, "வேணாம்னா அறுத்து எடுத்துடறேன்" என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாங்க, இருக்கட்டும்" என்றார் உள்ளே இருந்தவர்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன். ஒரு சாவு வீட்டு வண்டி நமக்கு எதற்கு, வேறு கிடைக்காதா என்றேன். அவர் நான் ஓய்கிற வரை காத்திருந்தார்.

"நீ ஆபீஸ் போன் வந்து பேசிட்டிருந்தப்போ அவர்கிட்ட கேட்டேன். அந்தம்மா கடைசி வாரம் வரைக்கும் அந்தக் கம்பியைப் பிடிச்சு அவங்களாவே ஏறினாங்களாம்."

அந்த வேனையே வாங்கினோம்.

பழவேற்காட்டுக்கு அதில் ஒரே ஒரு முறைதான் போனோம். ஏரியைப் பார்க்க வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். பைனாகுலரைத் தூக்க அவருக்குக் கை வரவில்லை. நான் அவர் கண்ணருகில் பிடித்தேன்.

"ஆடுது. நீயே பாத்துச் சொல்லு."

"வெள்ளையா, கூட்டமா நிக்குது. கால் ரோஸ் கலர்."

"அலகு?"

"வளைஞ்சிருக்கு. நுனி கறுப்பு."

"பூநாரை. இத்தனை வருஷம் என்கூட வந்து இதுகூடவா தெரியாது?" என்றார். சிரித்ததில் இருமல் வந்து, அது அடங்க நேரமானது.

இருட்டியதும் மெத்தையில் படுக்கவைத்தேன். மல்லாந்தால் அவருக்கு மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தும் சரிவரவில்லை. அவர் முதுகுக்கு என் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். வெளுத்ததும், "போதும். வீட்டுக்குப் போலாம்" என்றார். மீஞ்சூரில் வெளிவட்டச் சாலை ஏறி, லாரிகள் பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க, இடது ஓரமாகவே ஓட்டி வந்து சேர்ந்தேன்.

அதன்பின் வேன் ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. மழைக்காலம் தொடங்குவதற்குள் அவர் போய்விட்டார். கடைசி இரண்டு மாதம் அவரால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. வாட்ச்மேனும் நானும் தூக்கி ஏற்றினோம். அந்த அம்மா தானாகவே ஏறியதாக வேப்பம்பட்டுக்காரர் நிஜமாகவே சொன்னாரா, இல்லை என் வாயை அடைக்க இவராகச் சொன்னதா என்று நான் கேட்கவே இல்லை.

வண்டியை விற்றுவிடச் சொல்லி இரண்டு வீட்டாரும் சொல்கிறார்கள். மெத்தையைக் கொடுத்துவிட்டேன். வண்டி இருக்கிறது. வேறு வண்டி எனக்கு ஓட்ட வராது என்று சொல்லிவிட்டேன். அலுவலகத்துக்கு அதில்தான் போய்வருகிறேன்.