காக்கை இல்லாத ஊரில் அஞ்சலாட்சி

கப்பலில் ஏறிய நாலாம் நாளே அஞ்சலாட்சிக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் கால் வைத்தாலே குமட்ட ஆரம்பித்துவிட்டது. சோற்றின் மேல் குற்றம் இல்லை, அதை அள்ளுகிறவர்கள் மேல்தான். நீச்சல் குளத்தில் ஊறிய உடம்போடு, தண்ணீர் சொட்டச் சொட்ட வருவார்கள். கை கழுவமாட்டார்கள். வாசலில் பீய்ச்சும் மருந்தைத் தேய்த்துக்கொள்வதோடு சரி. மாட்டுக்கறியை எடுத்த இடுக்கியாலேயே பக்கத்துத் தட்டில் இருக்கும் வெள்ளரிக்காயையும் எடுப்பார்கள். மலை மாதிரி குவித்துக்கொண்டு போய், கால்வாசியைத் தின்றுவிட்டு, மிச்சத்தில் வாய் துடைத்த காகிதத்தைச் செருகிவிட்டு எழுந்து போவார்கள்.

புதுச்சேரி கதிர்காமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மதிய உணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் சமைத்தவள் அவள். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஆனால் அவள் களைந்து போட்ட அரிசியில் ஒரு பிள்ளையும் கல்லைக் கடித்ததில்லை. சொந்த வீட்டுச் சொம்பாக இருந்தாலும் உதடு படாமல் அண்ணாந்துதான் குடிப்பாள்.

அவளைக் கப்பலுக்கு அழைத்து வந்தது தம்பி மதிவாணன். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டி, அந்த ஊர்ப் பட்டாளத்தில் சேர்ந்து, இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறான். அக்கா ஒரு தடவையாவது உலகத்தைப் பார்க்கட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ரியோ வரை விமானம், அங்கிருந்து பியூனஸ் அயர்ஸ் வரைக்கும் போய்த் திரும்புகிற கப்பல். டிக்கெட் போடும்போது தேதியை அவன் கவனிக்கவில்லை. அவள் தன் பையில் வைத்திருந்த நாள்காட்டித் தாள்களைப் பார்த்துத்தான் தெரிந்தது, கப்பல் பியூனஸ் அயர்ஸைத் தொடுகிற நாள் தை அமாவாசை.

அவளுடைய வீட்டுக்காரர் தணிகாசலம் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். ஆலை மூடிய பிறகு வாட்ச்மேன் வேலை பார்த்து, மூன்று வருஷத்துக்கு முன் தவறிப்போனார். அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசையும் அஞ்சலாட்சி தலைமுழுகிச் சமைத்து, மொட்டைமாடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைப்பாள். காக்கை வாய் வைத்த பிறகுதான் அவள் சாப்பாடு. இதுவரை ஒன்றும் தவறியதில்லை. தை அமாவாசையைத் தவறவிட அவளுக்கு மனசே வராது.

கப்பல் சமையல்கட்டில் நாகர்கோவில்காரர் ஒருவர் இருந்தார். மதிவாணன் அவரைப் பிடித்துச் சொல்ல, யாரும் ருசி பார்க்காமல் தனிப் பாத்திரத்தில் ஒரு பிடி சோறு வடித்துக் கொடுத்தார். அஞ்சலாட்சி அதைத் தன் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, துணி சுற்றி எடுத்துக்கொண்டாள். ஏழு மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் பழக்கத்தில் போட்டுவிட்டாள். கரை இறங்கியதும் காக்கைக்கு வைத்துவிட்டு எட்டு மணிக்குச் சாப்பிடலாம் என்பது அவள் போட்டிருந்த திட்டம்.

துறைமுக வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். கப்பல் சாப்பாடு எதுவும் ஊருக்குள் போகக் கூடாதாம். உறை போட்ட கை ஒன்று டப்பாவை வாங்கி, திறந்து, ஒரு பெரிய தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் காலி டப்பாவை நீட்டியது. அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தாள். யாரோ கடித்துப் போட்ட பன்றிக்கறி ரொட்டிகளின் மேல், ஒழுகிய தயிருக்கு நடுவில், தணிகாசலத்துக்கு வடித்த சோறு கிடந்தது. டப்பாவை வாங்காமலே நடந்துவிட்டாள். மதிவாணனின் மனைவி சுமலதாதான் அதை வாங்கிப் பையில் வைத்தாள்.

பேருந்தில் ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். பெரிய பெரிய கட்டடங்கள், அகலமான தெருக்கள். கட்டடத்தைப் பார்க்க அஞ்சலாட்சிக்கு எங்கே நேரம்? நடைபாதையில் பத்தடிக்கு ஒரு நாய்ப் பீ. ஒருத்தன் ஒரே கையில் பன்னிரண்டு நாய்களைப் பிடித்துக்கொண்டு போனான். மூலைக்கு மூலை மாட்டுக் கொழுப்பு தீயில் உருகுகிற வாடை. தகரத்துக்குப் பச்சை, மஞ்சள் அடித்த வீடுகளைக் காட்டுகிறேன் என்று ஆற்றோரம் இறக்கினார்கள். ஆறு கறுப்பாக நின்று நாறியது.

“இந்த நாத்தத்துக்கு ஏரோப்ளேன் ஏறி வரணுமாடா? நம்மூரு வாய்க்காலாண்ட நின்னா போதுமே” என்றாள்.

அவள் தேடியது கிளைகளிலும் கம்பிகளிலும்தான். புறா இருந்தது. கடற்பறவை இருந்தது. பச்சைக் கிளிகூடக் கூட்டமாகக் கத்தியது. காக்கையைக் காணோம். மதிவாணன் பிரெஞ்சு தெரிந்த வழிகாட்டிப் பெண்ணிடம் விசாரித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். இந்த ஊரில் மட்டுமில்லை, இந்தக் கண்டம் முழுக்கவே காக்கை கிடையாதாம்.

அஞ்சலாட்சி நம்பவில்லை. காக்கை இல்லாமல் ஒரு ஊர் இருக்க முடியுமா? பிறகு நடைபாதை கிடந்த அழகைப் பார்த்தபோது இருக்கலாம் என்று தோன்றியது.

வெறும் வயிற்றில் போட்ட மாத்திரையால் பதினோரு மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கழுத்தில் குளிர்ந்த வியர்வை. மதிவாணன் பயந்துபோய்ப் புதுச்சேரிக்குப் போன் போட்டான். அங்கே இருட்டிவிட்டிருந்தது. மகள் கவிநிலா, காலையிலேயே மாடியில் படைத்துவிட்டதாகவும் காக்கை வந்து எடுத்துவிட்டதாகவும் சொன்னாள். அம்மா தாராளமாகச் சாப்பிடலாம் என்றாள்.

“நீ வெச்சது உங்கப்பனுக்கு” என்றாள் அஞ்சலாட்சி. “நான் வெக்கணும்றது என் வூட்டுக்காரருக்கு. போனை வையி.”

வண்டியோட்டி ஒரு சுரைக்குடுக்கையில் ஏதோ பச்சைத் தழையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, இரும்புக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். அதே குழலில் வழிகாட்டிப் பெண் உறிஞ்சினாள். பிறகு யாரோ வழியில் போனவர் உறிஞ்சினார். அஞ்சலாட்சியின் நடுக்கத்தைப் பார்த்த வண்டியோட்டி, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, குழலைத் துடைக்காமல் அவளிடம் நீட்டினார். நல்ல மனசுதான். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“எக்கா, குடிச்சுடு. மயக்கம் போட்டுட்டா இந்த ஊரு ஆசுபத்திரியில எத குடுப்பானோ” என்று மதிவாணன் கெஞ்சினான்.

“மூணு பேரு எச்சிய நாலாவதா நான் உறிஞ்சணுமா? மயக்கமே போட்டுக்கறேன்.”

சுமலதா எதிர்ச் சாரிக்கு ஓடி, ஒரு பழக்கடையில் நாலு வாழைப்பழம் வாங்கி வந்தாள். தோலோடு இருக்கிறது, எவன் கையும் உள்ளே பட்டிருக்காது. அஞ்சலாட்சி பக்கத்துப் பூங்காவின் குட்டைச் சுவரோரம் போய், தண்ணீர் புட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஒரு சாண் இடத்தைத் தேய்த்துக் கழுவினாள். ஒரு பழத்தை உரித்து, மூன்றாகக் கிள்ளி வைத்து, “வாங்க” என்று கூப்பிட்டாள்.

புறாக்கள் வந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. ஒன்று பழத்துக்குப் பக்கத்திலேயே எச்சமிட்டது. மதிவாணன் கையை ஓங்கி அவற்றை விரட்டிவிட்டு, “அதோ கறுப்பா ஒரு குருவி ஒக்காந்துருக்கு பாரு, அதுதாங்க்கா இந்த ஊரு காக்கா” என்றான்.

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுடா” என்றாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பிடித்த கைக்கு அடியில் அவை ஊர்வது தெரிந்தது. பொடி எறும்புகள். சுவரின் வெடிப்பிலிருந்து ஒற்றை வரிசையாக, ஈரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, நடுத்துண்டின் மேல் ஏறிவிட்டிருந்தன. அஞ்சலாட்சி குனிந்து பார்த்தாள். ஒன்று துளியூண்டு பழத்தை வெட்டி எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனது. அது போவதற்கு மற்றவை ஒதுங்கி வழி விட்டன.

அவள் கண்ணை மூடி, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு இரண்டாவது பழத்தை உரித்து, கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டாள். மூன்றாவதையும் தின்றாள். மதிவாணன் மூச்சு விட்டான். காக்கைக்குப் பதில் எறும்பு தொட்டால் படையல் செல்லுமா என்று தயங்கிக் கேட்டான்.

“ஏன் செல்லாது? காலையிலேர்ந்து பாக்கறேன், இந்த ஊர்ல சுத்தமா சாப்புட்டது இதுங்க மட்டுந்தான்.”

மீதிப் பேருந்துப் பயணத்தில் அவள் கீழே இறங்கவில்லை. சாயங்காலம் கப்பல் கிளம்பும்போது எல்லாரும் மேல்தளத்தில் நின்று ஊரைப் படம் பிடித்தார்கள். அஞ்சலாட்சி தன் அறைக் குளியலறையில் உட்கார்ந்து, செருப்பின் அடியைச் சோப்புப் போட்டு மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.