கிணற்றைப் பற்றி எழுத மறுத்த வகுப்பு

எழுபதுகளின் நடுவில் பரீட்சை முறை மாறியபோது, எழுத்துப் பரீட்சையோடு செயற்றிட்டம் என்று ஒன்றும் வந்து சேர்ந்தது. ஊரில் உள்ள ஒரு விடயத்தை எடுத்து, வகுப்பு முழுவதும் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, அட்டவணையும் வரைபடமும் போட்டுத் தடித்த கொப்பியாகக் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்து புள்ளி போடுவார். எங்களுக்கு முந்திய வகுப்புப் புகையிலைச் செய்கையைப் பற்றி எழுதி நல்ல புள்ளி வாங்கியிருந்தது. அந்தக் கொப்பி பள்ளிக்கூட அலுமாரியில் இருந்தது. ஆண்டு தொடங்கிய வாரமே எங்கள் வகுப்புப் பெடியன்கள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

நாங்கள் பதினொரு பேர். பள்ளிக்கூடம் கரம்பொன்னுக்கும் புளியங்கூடலுக்கும் இடையில். செயற்றிட்டத்துக்குப் பொறுப்பாக வந்தவர் பல்கலைக்கழகம் முடித்து இரண்டு வருடமே ஆகியிருந்த ஒரு ரீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவார். பஸ் பிந்தினால் தரிப்பிலிருந்து ஓடி வருவார். ஓடி வருகிற ரீச்சரை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை.

அன்றும் மூச்சு வாங்க வந்து, கரும்பலகையில் 'எமது ஊரின் குடிநீர்' என்று எழுதினார். அதுதான் தலைப்பு என்றார்.

"ரீச்சர், புகையிலை எண்டால் போன முறையான் கொப்பி கிடக்கு," என்றான் முன்வரிசை வாங்கில் இருந்தவன். எல்லோரும் சிரித்தோம். ரீச்சரும் சிரித்தார்.

"அதாலைதான் வேண்டாம் எண்டுறன். நீங்கள் ஒவ்வொருத்தரும் போத்திலிலை தண்ணி கொண்டு வாறியள். பள்ளிக்கூடக் கிணத்துத் தண்ணி உப்பு, வாயிலை வைக்கேலாது. ஊரிலை எத்தினை நல்லதண்ணிக் கிணறு இருக்கு, எவ்வளவு தூரம் நடக்கினம், எவ்வளவு நேரம் நிக்கினம், ஆர் அள்ளுகினம், எல்லாத்தையும் கேட்டு எழுதுவம்."

மற்றக் கேள்விகள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. 'ஆர் அள்ளுகினம்' என்றதும் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குள் நல்லதண்ணிக் கிணறு ஒன்றே ஒன்று. அது எங்கள் வளவில் இருந்தது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கரையோரத்துப் பெண்கள் குடங்களோடு வேலிக்கு வெளியே வந்து நிற்பார்கள். அவர்கள் எங்கள் கயிற்றைத் தொடுவதில்லை. அம்மாவோ நானோ அள்ளி, வேலியில் இருந்த இடைவெளிக்குள்ளால் அவர்களின் குடங்களில் ஊற்றுவோம். அப்பாவின் தகப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். நாங்கள் தர்மம் செய்கிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கதைப்புத்தகம் ஒன்றில் மூழ்கியிருந்தால், இந்த அதிகாரம் முடியட்டும் என்று அரை மணித்தியாலம் கழித்தும் போயிருக்கிறேன். ஒருவரும் கூப்பிட்டதில்லை. நின்றார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி என் வகுப்பிலேயே படித்தாள். பின்வரிசை வாங்கில் இருந்த மெலிந்த பெண். கணக்கியலில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் தோழிகளாக அவளும் நானும் கதைப்போம், கொப்பி மாற்றுவோம். கிணற்றடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அவளுடைய குடத்தின் வாயைப் பார்த்து நான் ஊற்றுவேன். அவளும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ரீச்சர் போனதும் நான்தான் முதலில் எழுந்தேன். இந்தத் தலைப்பு பரீட்சைக்கு உதவாது என்றேன். வெளியாலை வாற பரீட்சகருக்குப் புகையிலை விளங்கும், எங்கள் கிணறு என்ன விளங்கும் என்றேன். புள்ளி குறைந்தால் ஆர் பொறுப்பு என்றேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன் பேசியதில்லை. எல்லோருக்கும் புள்ளிப் பயம் பிடித்துவிட்டது. அன்றைக்கே ஒரு கடதாசி எழுதினோம். எழுதியதும் நான்தான். 'பரீட்சைப் பெறுபேற்றை முன்னிட்டுத் தலைப்பை மாற்றித் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' பத்துப் பேர் கையெழுத்து வைத்தார்கள். பின்வாங்குக்காரி கடதாசியை வாங்கி இரண்டு முறை வாசித்துவிட்டு, மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

மறுநாள் ரீச்சர் அதை மேசையில் வைத்துக்கொண்டு நின்றார். கோபத்தை விட வருத்தம்தான் அவர் முகத்தில் இருந்தது.

"என்னோடை வந்து கதைச்சிருக்கலாம். கடதாசி என்னத்துக்கு? மனுக் குடுக்க நான் என்ன கச்சேரியே?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு பின்வாங்கைப் பார்த்தார். "சரி, ஒராள் எண்டாலும் என்ரை பக்கம் நிக்கிறா. நீர் எழும்பிச் சொல்லும். இந்தத் தலைப்பு ஏன் வேணும் எண்டு இவைக்குச் சொல்லும்."

அவள் எழுந்து நின்றாள்.

"நான் உங்கடை பக்கமும் இல்லை ரீச்சர்."

"அப்ப ஏன் கையெழுத்து வைக்கேல்லை?"

"சோதினைக்காகத்தான் எண்டு அதிலை எழுதிக் கிடக்கு. அது பொய். அதாலை வைக்கேல்லை. ஆனால் எனக்கும் உந்தத் தலைப்பு வேண்டாம்."

"ஏனம்மா?"

"நான் எத்தினை நிமிசம் நிக்கிறன், எவ்வளவு தூரம் நடக்கிறன், ஆர் எனக்கு ஊத்துகினம் எண்டு எழுதினால் உங்களுக்கு ஒரு அட்டவணை வரும். அதை எழுதிப்போட்டு, அண்டைக்குப் பின்னேரமும் நான் அங்கைதான் போய் நிக்கவேணும். இவையள் கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்து என்ரை அம்மாவிட்டைக் கேள்வி கேப்பினம். அம்மா என்ன சொல்லுறது?"

குரல் உயரவில்லை. 'ஆர்' என்ற இடத்தில் அவள் என்னைப் பார்ப்பாள் என்று பயந்து நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்க்கவில்லை என்று பிறகு பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டார். கையில் இருந்த வெண்கட்டியை மேசையில் வைத்து, அது உருண்டு போகாமல் விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் உந்த விசயத்தை யோசிக்கேல்லை," என்றார். "நல்ல காரியம் எண்டுதான் நினைச்சனான். நிக்கிற ஆளிட்டைக் கேக்காமல் நினைச்சிட்டன்."

படிப்பிக்கிறவர் ஒருவர் வகுப்புக்கு முன்னால் தன் பிழையைச் சொன்னதை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். முன்வாங்கில் இருந்தவன் புகையிலையைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை.

"அப்ப நீரே சொல்லும். என்னத்தைச் செய்வம்?" என்று ரீச்சர் கேட்டார்.

"குறிகட்டுவான்," என்றாள் அவள் உடனே. தீவுகளுக்கு வள்ளம் போகிற அந்த இறங்குதுறையில் அவளுடைய தமையன் சாமான் ஏற்றி இறக்குகிறவர். "ஒவ்வொரு நாளும் எத்தினை சனம் வருது, என்னத்துக்குப் போகுது எண்டு கேக்கலாம். ஆரும் வெக்கப்படத் தேவையில்லை."

"போய் வரவே அரைநாள் போகும்," என்று ஒருவன் முனகினான். ஆனாலும் கரும்பலகையில் தலைப்பு மாறியது.

அன்று பின்னேரம் நான் கதைப்புத்தகம் எடுக்கவில்லை. நாலு மணிக்கே கிணற்றடிக்குப் போனேன். அவள் வந்தபோது வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் பொய்தான் எழுதினனான்," என்றேன்.

"தெரியும். வடிவாய் எழுதினனீர்," என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. கயிற்றை வேலி இடைவெளியால் நீட்டினேன். "உள்ளுக்கு வந்து நீர் அள்ளும்."

அவள் கை நீட்டவில்லை. என் தோளுக்கு மேலால் பார்த்தாள். அம்மா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாம். உங்கடை அம்மா பாத்துக்கொண்டு நிக்கிறா. இண்டைக்கு நான் அள்ளினால் நாளைக்கு எங்கடை ஆக்களுக்கு ஒருத்தரும் ஊத்தமாட்டினம். ஊத்தும், எனக்குப் பின்னாலை ஆறு பேர் நிக்கினம்."

ஊற்றினேன். பெரிய காரியம் ஒன்று செய்யப் போகிறேன் என்று நினைத்த எனக்கு, அதற்குரிய விலையை அவள்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு, பரீட்சை முடியும் வரை, நாலு மணிக்குப் பிந்தி நான் ஒரு நாளும் கிணற்றடிக்குப் போனதில்லை. எனக்கு ஏலுமாக இருந்தது அவ்வளவுதான். பரீட்சை முடிந்த கையோடு, அவர்களை உள்ளே வந்து அள்ள விட்டால் என்ன என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

குறிகட்டுவானுக்கு நாங்கள் ஆறு நாள் போனோம். பாலம் தாண்டும்போது இரண்டு பக்கமும் கடல், பஸ் நிறையச் சனம். இறங்குதுறையில் அவள் வேறு ஆளாக இருந்தாள். எந்த வள்ளம் எப்போது கட்டும், எவர் நெடுந்தீவு, எவர் நயினாதீவு என்று முகத்தைப் பார்த்தே சொன்னாள். பெடியன்களை நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, பெண்பிள்ளைகளான எங்களை வரிசையில் விட்டாள். ரீச்சரும் ஒரு கொப்பியோடு அவள் சொன்ன இடத்தில் போய் நின்றார். நெடுந்தீவுக்கு மண்ணெண்ணெய் கொண்டு போகிறவர்கள், ஆசுபத்திரியால் பிள்ளையோடு திரும்புகிறவர்கள், அர்ச்சனைத் தட்டோடு அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று எழுதிக்கொண்டே போனோம்.

பெண்களைக் கேட்பது என் வேலை. நயினாதீவுக் கோயில் ஐயர் வீட்டு அம்மா ஒருவர் பையோடு வள்ளத்துக்கு நின்றார். "என்னத்துக்குப் போறியள் அம்மா?" என்றேன்.

"நான் போகேல்லைப் பிள்ளை, வீட்டை வாறன். போனது யாழ்ப்பாணத்துக்கு," என்றார்.

எங்கள் தாளில் 'செல்லும் நோக்கம்' என்று மட்டும்தான் இருந்தது. ஓடிப்போய்ப் பின்வாங்குக்காரியிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, எல்லாத் தாள்களிலும் 'வீடு திரும்புவோர்' என்று புதிதாக ஒரு நிரலைக் கோடு போட்டாள். எண்ணிப் பார்த்தபோது அந்த நிரலில்தான் அதிகம் பேர் இருந்தார்கள். பரீட்சகர் வந்தபோது அந்த அட்டவணையைத்தான் நெடுநேரம் பார்த்தார். இதை ஆர் யோசித்தது என்று கேட்டார். ஒன்பது விரல்கள் அவளைக் காட்டின. அவள் என்னைக் காட்டினாள். அது எனக்கு உரியதல்ல என்று எழுந்து சொன்னேன். அந்த ஆண்டில் நான் செய்த நேர்மையான காரியங்களில் அதையும் சேர்க்கலாம்.

பரீட்சை முடிந்ததும் ரீச்சருக்கு இடமாற்றம் வந்தது. கடைசி நாள் பஸ் தரிப்பு வரை நான் கூடப் போனேன். நல்லதண்ணிக் கிணறு எங்கள் வளவில்தான் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். கையெழுத்து வாங்கியதன் காரணமும் அதுதான் என்றேன்.

"கிணறு உங்கடை எண்டு எனக்கு முதலே தெரியும்," என்றார் ரீச்சர். "ஆசிரியர் அறைக்கு வாற தண்ணி உங்கடை வீட்டுத் தண்ணிதானே. நான் ஒவ்வொரு நாளும் குடிச்சனான்."

"தெரிஞ்சுமா அந்தத் தலைப்பை எழுதினியள்?"

"ஓம். நீர் கெட்டிக்காரி, நீரே முன்னுக்கு நிண்டு எழுதுவீர் எண்டு நினைச்சன். உமக்குப் பதினேழு வயசு எண்டதையும், நீர் பின்னேரம் அந்த வீட்டுக்குத்தான் போகவேணும் எண்டதையும் மறந்துபோனன். உங்கள் ரெண்டு பேரிட்டையும் நான் கேட்டிருக்கவேணும்."

பஸ் வந்தது. குடையை மறந்துவிட்டு ஏறினார். நான் பின்னால் ஓடி யன்னலால் கொடுத்தேன்.

பின்வாங்குக்காரி நல்ல பெறுபேறு எடுத்து வவுனியாவில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராகப் போனாள். நான் ஒரு பாடத்தில் தவறி, இரண்டாம் முறை எழுதி, ஆசிரியையானேன்.

கிணற்றடி எண்பதுகளின் தொடக்கத்தில் மாறியது. அதற்கும் எங்கள் படிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அப்பா காலமாகிவிட்டார். நான் வேலைக்காக வெளியூரில் இருந்தேன். அம்மாவுக்கு இடுப்புவலி. விடுமுறையில் நான் வீட்டில் நின்ற ஒரு பின்னேரம், வேலிக்கு வெளியே நின்ற பெண்களைப் பார்த்து அம்மா சொன்னார்: "எனக்கு இனி ஏலாது. படலையைத் திறந்து வந்து நீங்களே அள்ளுங்கோ."

ஒருவரும் அசையவில்லை. அம்மா இன்னொரு முறை, சற்றுக் கோபமாகவே சொன்னார். பிறகு பின்வாங்குக்காரியின் தாய்தான் முதலில் படலையைத் திறந்தார். நான் கிணற்றடியை விட்டுத் தள்ளி நின்றேன். அவர் வாளியை இறக்கினார். கப்பி சத்தம் போட்டது.

"கிணத்துக் கட்டிலை முட்டாமல் இழு," என்று அம்மா கதிரையில் இருந்தபடி சொன்னார்.

"தெரியும்," என்றார் அவர் திரும்பிப் பார்க்காமல். குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்தவளிடம் கயிற்றைக் கொடுத்தார்.