சத்தமில்லாமல் எடுத்த படம்

படம் எடுக்கப் போகும் கல்யாண வீடுகளில் அப்பாவுக்குப் பூனை என்று பேர். கனத்த உடம்பு, ஆனால் நடந்து வருவது யாருக்கும் கேட்காது. சமையல்கட்டுப் பக்கம் தலையைக் காட்டினால் போதும், "பூனை வந்தாச்சு, பாலை மூடுங்கடா!" என்று யாராவது கத்துவார்கள். அப்பாவும் சளைக்காமல், "முதல்ல உன் வாயை மூடு, ஈ பூந்துடப் போகுது" என்பார்.

யாரையும் நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லி அவர் படம் எடுத்ததில்லை. தாலி கட்டும் வீடு, மோதிரம் மாற்றும் வீடு, ஏட்டில் கையெழுத்துப் போடும் வீடு, நெருப்பைச் சுற்றிவரும் வீடு, எல்லாவற்றுக்கும் போவார். மற்ற கேமராக்கள் மணமக்களைப் பார்க்கும்போது அவருடையது எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். பேனாவைத் தேடும் மாமா, கண்ணைத் துடைக்க முந்தானை கைக்கு அகப்படாத அம்மா, இப்படி.

புதுக் கேமரா வாங்கியபோது நான்தான் தயார்செய்து கொடுத்தேன். எக்ஸ்ரே இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள் நான். "இந்த 'டக்' சத்தம் இல்லாம பண்ண முடியுமாம்மா?" என்றார். மெனுவில் ஒரே ஒரு மாற்றம். "இனி நீங்க நெஜப் பூனைப்பா" என்றேன்.

அடுத்து ஒரு தாலி கட்டும் வீடு. அந்த வீட்டில் தங்கைக்குக் கல்யாணம். அக்காவுக்கு இன்னும் ஆகவில்லை. காலையிலிருந்து அந்த அக்காதான் சிரித்த முகத்தோடு ஓடியாடிக்கொண்டிருந்தார். முடிச்சு விழுந்து எல்லோரும் பூ தூவும்போது அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து கழன்றது. ஒரு நொடிதான். அப்பா எடுத்துவிட்டார். தான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று நினைத்து ஆல்பத்தில் முழுப் பக்கம் கொடுத்தார்.

மண்டபத்தில் யாரும் பார்க்காத முகத்தை ஆல்பத்தில் சொந்தபந்தமெல்லாம் பார்த்தது. "வயித்தெரிச்சலைப் பாரு" என்றார்களாம். அக்கா வெளியூருக்கு வேலையை மாற்றிக்கொண்டார். போகுமுன் அப்பாவின் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஹார்ட் டிஸ்க்கைச் சரிசெய்துகொண்டு நானும் அங்கே இருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"ஒரு சின்னச் சத்தம் கேட்டிருந்தாக்கூடச் சிரிச்சிருப்பேனேண்ணே."

அவர் போனதும் அப்பா சத்தத்தைத் திரும்ப வைக்கச் சொன்னார், முழு அளவில். அதன்பின் அவர் படங்களில் எல்லோரும் விறைப்பாக நின்றார்கள். "என்ன, பூனைக்கு மணி கட்டியாச்சா?" என்றார் வீடியோக்காரர். அப்பா சிரிக்கவில்லை. வேலைகள் குறைந்தன.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று தங்கை வீட்டுக்கு இரண்டு முறை போனார். வாசலோடு அனுப்பிவிட்டார்கள். புதிதாக அச்சிட்ட பக்கம் கேமராப் பையிலேயே கிடந்தது.

போன மாதம் அப்பா இறந்துபோனார். பையைத் திறந்தேன். பேட்டரியில் இன்னும் பாதி சார்ஜ் இருந்தது. பக்கத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

தங்கை ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அந்தப் பக்கம் அடுத்த பக்கத்தோடு கோந்தால் ஒட்டப்பட்டிருந்தது.

"அப்பவே ஒட்டிட்டேங்க."

"எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவரைப் பார்த்தாலே ஆத்திரம் வந்துச்சு. அக்கா இன்னும் இந்த வாசப்படி மிதிக்கல." ஆல்பத்தை மூடிவிட்டு, "ஒட்டினது அவங்களுக்கும் தெரியாது. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டாங்க" என்று அக்காவின் எண்ணைக் கொடுத்தார்.

தெருவில் நின்றே அழைத்தேன். யாருடைய மகள் என்று சொன்னேன்.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்றார் அக்கா.

பக்கம் ஒட்டப்பட்டிருப்பதை முதலில் சொன்னேன். பிறகுதான் மற்றது.